நாமக்கல் முட்டை ஓடும் உடுமலைப் பட்டும் கொண்டு எலும்புச் சாரக்கட்டு: எந்த விகிதத்தில் தொடங்குவது?

பெருந்துறை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் உயிரித்தொழில்நுட்ப முதுகலைப் படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். எலும்பில் ஏற்பட்ட இடைவெளியை நிரப்பி, எலும்புச் செல்கள் ஒட்டி வளர இடம் கொடுத்து, புது எலும்பு வளர வளரத் தானே கரைந்துபோகும் கலப்புச் சாரக்கட்டு ஒன்றைச் செய்வதே என் ஆய்வுத் திட்டம்.

மூலப்பொருள்களை நம் பகுதியிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். நாமக்கல் வட்டாரத்தில் முட்டைத் தூள் தயாரிக்கும் ஆலைகளில் ஓடு மலைபோல் கழிவாகிறது; அதிலிருந்து எலும்பின் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட்டான ஹைட்ராக்சி அபடைட் தயாரிக்கலாம் என்று படித்திருக்கிறேன். உடுமலைப்பேட்டை, கோபிச்செட்டிபாளையம் பக்கங்களில் பட்டுக்கூடு வளர்ப்பு பரவலாக இருக்கிறது. நூற்புக்கு உதவாதவை என்று ஒதுக்கப்படும் கூடுகளிலிருந்து பட்டிழையின் புரதமான ஃபைப்ரோயினைப் பிரிக்கலாம். வலிமை போதாவிட்டால் உடலில் கரையக்கூடிய செயற்கைப் பாலிமரான பாலிகேப்ரோலாக்டோன் சேர்க்கலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

எலும்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு கனிமம் இருப்பதால் சாரக்கட்டிலும் 70 விழுக்காடு அபடைட் இருக்க வேண்டும் என்று வகுப்புத் தோழர்கள் சொல்கிறார்கள். ஆனால் நான் வாசித்த ஆய்வுரைகளில் பெரும்பாலானவை 10 முதல் 40 விழுக்காட்டோடு நின்றுவிடுகின்றன. இதற்குக் காரணம் என்ன? துளையின் அளவு எவ்வளவு இருக்க வேண்டும், அதை எவ்வாறு கட்டுப்படுத்துவது? சாரக்கட்டு எத்தனை மாதங்களில் கரைய வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? ஓட்டிலிருந்து அபடைட் தயாரிப்பதை நேரில் செய்தவர்கள் இருந்தால் அவர்களது அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன்.

நொய்யல் கரை எழுதியது:

மாணவிக்கு வணக்கம். கோவையில் பாலிமர்க் கூட்டுப்பொருள்கள் துறையில் பணிபுரிகிறேன். உங்கள் கேள்வி விகிதத்தில் தொடங்குகிறது. எந்த எலும்பு, எவ்வளவு பெரிய இடைவெளி, அந்த இடம் சுமை தாங்குமா தாங்காதா என்பதிலிருந்து நீங்கள் தொடங்க வேண்டும் என்பதே என் முதல் கருத்து. இந்த மூன்றுக்கும் விடை எழுதிய பிறகு விகிதத்தைத் தேடினால், பாதிக் குழப்பம் தானாகவே நீங்கிவிடும்.

எண்களைப் பாருங்கள். நீள எலும்பின் வெளிப்புறத்திலுள்ள கெட்டி எலும்பின் அமுக்க வலிமை ஏறத்தாழ 100 முதல் 230 மெகாபாஸ்கல் வரை இருக்கும். மூட்டுகளுக்கு அருகிலுள்ள பஞ்செலும்புக்கு அது 2 முதல் 12 மெகாபாஸ்கல் அளவே. ஃபைப்ரோயின் கரைசலை உறைய வைத்து உலர்த்திச் செய்யும் துளைக்கட்டு பெரும்பாலும் கிலோபாஸ்கல் கணக்கில்தான் நிற்கும். அபடைட் சேர்த்தால் அது கூடும் என்றாலும், தொடை எலும்பின் நடுத்தண்டில் நோயாளியின் எடையைத் தாங்கும் நிலைக்கு ஒருபோதும் வராது. எனவே உலோகத் தகடோ ஆணியோ சுமையைத் தாங்கிக்கொள்ளும் இடத்தில் அல்லது சுமையே விழாத இடத்தில் வைக்கும் நிரப்பியாக உங்கள் பொருளைக் கருதுங்கள். அப்படிக் கருதிவிட்டால் வலிமைக்காகக் கனிமத்தை அள்ளிக் கொட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி 70 விழுக்காட்டுக்கு வருகிறேன். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே அந்தக் கனிமம் சில நானோமீட்டர் தடிமன் கொண்ட மெல்லிய தகடுகளாகக் கொலாஜன் நாரிழைகளுக்கு உள்ளேயும் இடையிலும் திசையொழுங்கோடு படிந்திருக்கிறது. உடல் அதை இழையின் மீது மெல்ல மெல்ல வளர்த்தெடுக்கிறது. நாம் செய்வதோ, முன்பே தயாரித்து வைத்த பொடியைக் கரைசலில் போட்டுக் கலக்குவது. நானோ அளவுப் பொடி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஒவ்வொரு கட்டியும் பாலிமருக்குள் ஒரு பலவீனமான புள்ளியாக நின்று, அழுத்தம் வரும்போது அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். எடையில் 30 விழுக்காட்டைத் தாண்டும்போது பல கலவைகளில் விறைப்பு கூடிக்கொண்டே போனாலும் வலிமை குறையத் தொடங்குவதும், விரலால் தேய்த்தாலே பொடி உதிர்வதும் இதனால்தான். நீங்கள் படித்த ஆய்வுரைகள் 40க்குள் நிற்பதன் காரணம் இதுவே. 0, 10, 20, 30, 40 என்று ஐந்து கலவைகள் செய்து பாருங்கள். உங்கள் பொடிக்கும் உங்கள் கரைசலுக்கும் பொருந்தும் எல்லை அதில் தெரிந்துவிடும்.

கலப்பு எதற்கு என்ற கேள்விக்கு நான் வலிமையைவிடக் கரையும் முறையையே முதன்மைக் காரணமாகச் சொல்வேன். பாலிலாக்டிக் அமிலம், பாலிகிளைக்காலிக் அமிலம், இவ்விரண்டின் கூட்டுப் பாலிமர் ஆகியவை நீரால் எஸ்டர் பிணைப்பு அறுந்து சிதைகின்றன. அறுபடும்போது அமிலம் வெளிவருகிறது. அந்த அமிலமே மேலும் பிணைப்புகளை அறுக்கிறது. தடித்த துண்டாக இருந்தால் அமிலம் உள்ளே தேங்கி, வெளிப்புறம் முழுதாகத் தெரியும்போதே நடுப்பகுதி கூழாகிவிடும். கால்சியம் பாஸ்பேட்டோ உயிர்க்கண்ணாடியோ கலந்திருந்தால் அவை அந்த அமிலத்தை ஓரளவு நடுநிலையாக்குகின்றன. 1969இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் உருவாக்கிய 45எஸ்5 உயிர்க்கண்ணாடி இன்றும் இவ்வகைக் கலவைகளில் பயன்படுவதற்கு, அது எலும்போடு நேரடியாகப் பிணைவதோடு இந்தப் பண்பும் ஒரு காரணம்.

உங்கள் கலவையில் நிலைமை வேறு. பட்டு ஃபைப்ரோயின் நீரால் எளிதில் சிதையாது. உடலில் புரதத்தைச் செரிக்கும் நொதிகளே அதைச் சிதைக்கின்றன. அதன் மூலக்கூறுகள் எவ்வளவு பீட்டாத் தகடு என்னும் நெருக்கமான மடிப்பு அமைப்புக்கு மாறியிருக்கின்றனவோ அவ்வளவு நீண்ட காலம் நிற்கும். நீர்க் கரைசலிலிருந்து செய்த பட்டுச் சாரக்கட்டு எலிகளின் உடலில் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் மறைந்ததாகவும், ஹெக்சாஃபுளூரோ ஐசோபுரோபனால் என்ற கரைப்பானிலிருந்து செய்தது ஓராண்டுக்குப் பிறகும் எஞ்சியிருந்ததாகவும் 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பொருள் ஒன்றே, செய்முறைதான் காலத்தை மாற்றியிருக்கிறது. நீங்கள் நீர்வழியிலேயே செல்லுங்கள்.

பாலிகேப்ரோலாக்டோன் உடலில் முழுவதும் மறைய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உயர் வெப்பத்தில் சுட்டுக் கெட்டியாக்கிய ஹைட்ராக்சி அபடைட் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். ஆறு மாதம், இரண்டு ஆண்டு, பல ஆண்டு என மூன்று வெவ்வேறு காலக்கணக்கு உடைய பொருள்களை ஒரே கட்டில் பூட்டிவிட்டு, அது எப்போது கரையும் என்று கேட்டால் யாராலும் விடை சொல்ல முடியாது. முதல் கட்டத்தில் பாலிகேப்ரோலாக்டோனை விட்டுவிடுங்கள் என்பதே என் அறிவுரை. கனிமத்திலும் ஹைட்ராக்சி அபடைட்டை மட்டும் நம்பாமல், அதைவிட விரைவாகக் கரையும் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டையும் சேர்த்த இருநிலைக் கலவையை எண்ணிப்பாருங்கள். இரண்டையும் ஒரே முட்டை ஓட்டிலிருந்து பெறலாம். அதை இங்குள்ள நாமக்கல் வேதியியலார் விளக்கினால் பொருத்தமாக இருக்கும்.

நாமக்கல் வேதியியலார் எழுதியது:

அம்மிணிக்கு வாழ்த்துகள். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். முட்டை ஓட்டிலிருந்து அபடைட் தயாரிக்கும் வேலையை மாணவர்களோடு பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். பொருள் மலிவு என்பதால் வேலையும் எளிது என்று பலர் நினைக்கிறார்கள். தூய்மையில் கவனம் இல்லையென்றால் கிடைப்பது எலும்புக்கு உதவாத ஒரு வெள்ளைப் பொடி மட்டுமே.

ஓட்டை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் தொடங்குங்கள். முட்டை உடைக்கும் ஆலையிலிருந்து, ஒரே பண்ணையின் ஓட்டை, ஒரே முறையில் மொத்தமாக வாங்குங்கள். குஞ்சு பொரிப்பகத்து ஓடு வேண்டாம். அதில் அழுகிய பொருள் மிகுதி. கோழித் தீவனத்தில் சேர்க்கும் சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், கனிமக் கலவை ஆகியவை பண்ணைக்குப் பண்ணை வேறுபடுவதால், ஓட்டிலுள்ள மெக்னீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற நுண்கூறுகளும் வேறுபடும். இவை சிறிதளவு இருப்பது எலும்புக்கு நல்லது என்று சொல்லப்படுவது சரிதான். ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று அளந்த பிறகே அதை நன்மை என்று எழுத வேண்டும். ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம் ஆகிய நான்கையும் கட்டாயம் சோதியுங்கள். உடலில் வைக்கும் ஹைட்ராக்சி அபடைட்டுக்கான பன்னாட்டுத் தரங்களில் ஆர்செனிக் பத்து இலட்சத்தில் 3 பங்கு, காட்மியம் 5, பாதரசம் 5, ஈயம் 30 என்பவையும், கன உலோகங்கள் மொத்தம் 50 என்பதும் உச்ச வரம்புகள்.

ஓட்டில் ஏறத்தாழ 94 விழுக்காடு கால்சியம் கார்பனேட். கொதிநீரில் கழுவி, உள்சவ்வை உரித்து, உலர்த்தி, இடித்து, மஃபிள் உலையில் 900 டிகிரி செல்சியஸில் வையுங்கள். முதல் கட்டத்தில் சவ்வும் பிற கரிமப் பொருள்களும் கருகி ஓடு கறுத்து, பின்பு வெப்பம் ஏற ஏற வெளுக்கும். கரியமில வாயு முழுவதும் வெளியேறினால் நூறு கிராம் கால்சியம் கார்பனேட்டிலிருந்து 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்க வேண்டும். எடை அதற்கு மேல் மிகுதியாக நின்றால் நடுப்பகுதி வேகவில்லை என்று பொருள். சுட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் விரைவாக இழுத்துக்கொள்ளும். ஈரம் புகாத மூடுகலமான டெசிக்கேட்டரில் வைக்காமல் இரவு முழுவதும் மேசையில் விட்டுவிட்டு, மறுநாள் அதே எடையைக் கணக்கில் போட்டால் கால்சியம் அளவு தவறிவிடும். பல ஆய்வகங்களில் விகிதம் பிசகுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து அதை நீரில் இட்டுச் சுண்ணாம்புப் பாலாக்கி, பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் இடையிலான மோல் விகிதம் 1.67 என்றால் ஹைட்ராக்சி அபடைட்; 1.5 என்றால், சுட்ட பிறகு பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துகிறீர்களோ அதற்கேற்ப இருநிலைக் கலவை அமையும். நொய்யல் கரையார் சொன்ன யோசனையை நிறைவேற்ற நீங்கள் தனியாக எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை. அமிலத்தின் அளவைக் கணக்கிட்டு மாற்றினால் போதும். அமிலம் விழ விழக் காரத்தன்மை குறையும். அம்மோனியா சேர்த்துப் பிஎச் மதிப்பை 10 அளவில் பிடித்துவையுங்கள். குறைந்தால் வேறு பாஸ்பேட்டுகள் படியத் தொடங்கும். ஒரு நாள் அப்படியே ஊறவிட்டு, கழுவிய நீர் நடுநிலைக்கு வரும் வரை கழுவி, உலர்த்தி, 900 டிகிரிக்கு மேல் சுடுங்கள். 1,100 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் பீட்டா வடிவம் ஆல்ஃபா வடிவத்துக்கு மாறத் தொடங்கும்.

கிடைத்த பொடியில் எந்தப் படிகங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவுச் சோதனைக்கு அனுப்பும்போது, தாமிரக் கதிரில் 31.8 டிகிரிக் கோணத்துக்கு அருகில் வரும் அபடைட்டின் முதன்மை முகட்டைக் கண்டவுடன் மகிழ்ந்து நிறுத்திவிடாதீர்கள். 37.4 டிகிரிக்கு அருகில் சிறு முகடு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது. அது உடல் நீரில் பட்டதும் காரத்தைக் கொட்டிச் சுற்றியுள்ள செல்களைக் கொன்றுவிடும். 31 டிகிரிக்கு அருகில் முகடு வந்தால் அது டிரைகால்சியம் பாஸ்பேட். உங்களுக்கு அது வேண்டியதாகவும் இருக்கலாம், வேண்டாததாகவும் இருக்கலாம். எதை நோக்கிச் செய்தீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான் அந்த முகட்டுக்குப் பொருள் உண்டு.

பட்டில் எனக்கு அனுபவம் குறைவு. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கால்சியம் அயனிகள் ஃபைப்ரோயின் கரைசலைக் கூழாக இறுகச் செய்யும். பொடியைக் கலந்த பிறகு கரைசலைக் காத்திருக்க விடாமல், உடனே அச்சில் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள்.

பவானி எலும்பு மருத்துவர் எழுதியது:

வணக்கம். அறுவை மேசையின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். ஆய்வகத்தில் இவை பெரும்பாலும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்தில் அடிபட்டவர்கள், தென்னையிலிருந்து விழுந்தவர்கள், கட்டட வேலையில் விழுந்தவர்கள். கெண்டைக்கால் எலும்பு முறிந்து, தோல் கிழிந்து, எலும்பின் ஒரு பகுதியே இல்லாமல் வருபவர்களும் உண்டு. இவ்வகைத் திறந்த முறிவுகளில் காலைக் காப்பாற்ற இயலுமா என்று மதிப்பிட, கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் உருவாக்கி 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறையை உலகின் பல இடங்களிலும் பயன்படுத்துகிறார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம், நம் பகுதியில் இந்தத் தேவை எவ்வளவு பெரியது என்பதை உணர்த்தவும், அதே நேரத்தில் உங்கள் முதல் சாரக்கட்டை இத்தகைய புண்ணுக்கு எண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவும்தான். தொற்று இருக்கும் இடத்தில், இரத்த ஓட்டம் இழந்த தசைக்கு நடுவே, எந்தச் சாரக்கட்டும் எலும்பை வளர்க்காது. அங்கே வைக்கும் அயற்பொருள் கிருமிகளுக்குத் தங்குமிடமாகிவிடும்.

உங்கள் பொருள் பயன்படக்கூடிய இடங்கள் வேறு. முழங்காலுக்குக் கீழே மூட்டுப் பரப்பு அமுங்கி முறியும்போது, அதைத் தூக்கி நிறுத்தியபின் அடியில் உருவாகும் குழி ஒன்று. தீங்கற்ற கட்டியைச் சுரண்டி எடுத்தபின் எஞ்சும் குழி மற்றொன்று. பல் பிடுங்கிய குழியும் தாடை எலும்புக் குறையும் இன்னொன்று. இவையெல்லாம் பஞ்செலும்புச் சூழல். நான்கு பக்கமும் இரத்தம் வரும் எலும்பு சூழ்ந்திருக்கும். இன்று இந்தக் குழிகளுக்கு இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து நோயாளியின் சொந்த எலும்பையே எடுத்து நிரப்புகிறோம். அதைவிடச் சிறந்தது இன்றுவரை இல்லை என்பதை மறுக்க மாட்டேன். அதில் உயிருள்ள செல்கள் உண்டு, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் உண்டு, கனிமச் சட்டகமும் உண்டு. ஆனால் எடுத்த இடத்தில் வலி பல மாதங்கள் நீடிக்கும். எடுக்கக்கூடிய அளவும் குறைவு. குழந்தைகளிடம் இன்னும் குறைவு. சாரக்கட்டு வெல்ல வேண்டிய போட்டி இதனோடுதான்.

கரைய வேண்டிய காலத்தை யார் தீர்மானிப்பது என்று கேட்டிருந்தீர்கள். எலும்பே தீர்மானிக்கிறது. பஞ்செலும்புக் குழியில் முதல் மூன்று மாதங்களுக்குச் சாரக்கட்டு இடிந்து விழாமல் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் பெரும்பகுதி எலும்புக்கு இடம் விட்டிருக்க வேண்டும். முன்னதாகக் கரைந்தால் குழியில் நார்த்திசு புகுந்துவிடும். கரையாமல் நின்றால் எக்ஸ்-கதிர்ப் படத்தில் வெள்ளையாகத் தெரிவது புது எலும்பா பழைய பொடியா என்று எங்களால் பிரித்தறிய முடியாது. நோயாளிக்கு நடக்க அனுமதி கொடுப்பதில் அந்த ஐயம் நேரடியாகக் குறுக்கிடும்.

இன்னும் இரண்டு வேண்டுகோள்கள். குழிகள் ஒழுங்கான வடிவில் இருப்பதில்லை. எனவே கத்தரியால் வெட்டினால் உதிராமலும், விரலால் அழுத்தினால் குழியின் வடிவத்துக்கு வந்து மெல்ல விரிந்து நிரம்பும்படியும் பொருள் இருக்க வேண்டும். ஈரமான பட்டுக்கட்டு இதில் வெறும் பீங்கான் துண்டைவிட மேலானது என்பது என் எண்ணம். அடுத்தது, உள்ளே வைத்தவுடன் அது நோயாளியின் இரத்தத்தை உறிஞ்ச வேண்டும். நீரை விலக்கும் பரப்புள்ள மாதிரிகள் இரத்தத்தின் மேலே மிதப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவை ஆய்வகப் படங்களில் எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்களுக்குப் பயன்படாது.

பெருந்துறை மாணவி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாலிகேப்ரோலாக்டோனை விட்டுவிடுகிறேன். சுமை தாங்காத பஞ்செலும்புக் குழியையே இலக்காக எழுதி, ஐந்து விகிதங்களில் பட்டும் இருநிலைக் கால்சியம் பாஸ்பேட்டும் கலந்து செய்யத் திட்டத்தை மாற்றி எழுதுகிறேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. கோவையிலும் திருப்பூரிலும் இழைத் தொழில் சார்ந்த ஆய்வுக்கூடங்கள் உள்ளதால், மின்புலத்தால் நூற்கும் நானோ இழை விரிப்பாகவே இதைச் செய்யலாமே என்று ஒரு பேராசிரியர் கேட்கிறார். அது உறைய வைத்து உலர்த்துவதைவிட மேலானதா? செல் சோதனைகளில் நான் முன்கூட்டியே கவனிக்க வேண்டியவை எவை?

காந்திபுரம் செல்லியலாளர் எழுதியது:

வணக்கம் தங்கையே. மின்புல நூற்பில் கிடைக்கும் விரிப்பின் இழைகள் கொலாஜன் நாரிழைகளின் அளவை நெருங்குவதால் செல்கள் அதன்மேல் நன்றாக ஒட்டிப் பரவும். கோவையில் 1956இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவில் மருத்துவத் துணிகளுக்கென்றே ஒரு சிறப்பு மையம் இயங்குவதால், அந்த வழியில் உங்களுக்கு ஆலோசனை கிடைக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் உங்கள் இலக்கு முப்பரிமாணக் குழி. நானோ இழை விரிப்பில் இழைகளுக்கு இடையிலான இடைவெளி பெரும்பாலும் செல்லைவிடச் சிறியது. செல்கள் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். காயத்தை மூடும் சவ்வுக்கும், பல் ஈறுக்கும் எலும்புக்கும் இடையில் வைக்கும் தடுப்புப் படலத்துக்கும் அது பொருந்தும். குழிக்கு உறைய வைத்து உலர்த்திய கட்டே சரி.

துளையளவுக்கு எண் கேட்டிருந்தீர்கள். எலும்பு உள்ளே வளர 100 மைக்ரோமீட்டர் குறைந்தபட்ச அளவு என்பது 1970களிலிருந்து சொல்லப்படுவது. இரத்த நாளங்கள் நன்றாகப் புகுந்து எலும்பு நேரடியாக உருவாக 300 மைக்ரோமீட்டருக்கு மேல் வேண்டும் என்ற கருத்து 2005க்குப் பின் வலுப்பெற்றது. துளைகள் ஒன்றோடொன்று திறந்த வழியாக இணைந்திருக்கின்றனவா என்பது சராசரி அளவைவிட முக்கியம்; மூடிய துளை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் செல்லுக்கு அது சுவர்தான். இரத்தக் குழாயிலிருந்து ஏறத்தாழ 200 மைக்ரோமீட்டருக்கு அப்பால் உயிர்வளி செல்களுக்குப் போதிய அளவு எட்டுவதில்லை என்பதால், கட்டின் நடுப்பகுதி செத்த இடமாகிவிடாமல் இருக்க இந்த இணைப்பே உதவும். கழித்தல் 20 டிகிரியில் மெல்ல உறைய வைத்தால் பெரிய பனிப்படிகங்களும், அவை விட்டுச்செல்லும் பெரிய துளைகளும் கிடைக்கும். திரவ நைட்ரஜனில் அமிழ்த்தினால் துளை சிறுத்துவிடும். மெல்ல உறைவதில் ஒரு தொல்லை உண்டு: கனிமப் பொடி எடை மிகுந்தது, கரைசல் உறைவதற்குள் அடியில் படிந்துவிடும். மேல், நடு, அடி என மூன்று துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றையும் 800 டிகிரியில் எரித்து எஞ்சும் சாம்பலை எடை போடுங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால்தான் நீங்கள் எழுதும் 20 விழுக்காடு, 30 விழுக்காடு என்பவற்றுக்கு மதிப்புண்டு.

பட்டைப் பொறுத்தவரை, இழைகளை ஒட்டவைக்கும் செரிசின் பசையை முழுவதும் நீக்குவது உயிர்ப்பொருத்தத்தின் முதல் நிபந்தனை. செரிசினும் ஃபைப்ரோயினும் சேர்ந்திருக்கும்போதுதான் அழற்சி கூடுகிறது. 0.02 மோலார் சோடியம் கார்பனேட்டில் அரை மணி நேரம் கொதிக்க வைப்பது வழக்கமான முறை. கூட்டின் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் 30 விழுக்காடு வரை குறைந்திருக்க வேண்டும். பசை போகட்டும் என்று ஒரு மணி நேரம் கொதிக்க வைப்பவர்கள் ஃபைப்ரோயின் சங்கிலியையே அறுத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டு விரைவில் கரையும். 9.3 மோலார் லித்தியம் புரோமைடில் 60 டிகிரியில் நான்கு மணி நேரம் கரைத்தபின், உப்பைச் சவ்வு வழியே வெளியேற்றும் டயாலிசிஸ் நீரின் மின்கடத்துதிறன் தூய நீரின் அளவுக்கு இறங்கும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். லித்தியம் எஞ்சியிருந்தால் செல் சோதனையில் கிடைக்கும் எந்த முடிவையும் நம்ப முடியாது.

செல் சோதனையில் பலரையும் ஏமாற்றுவது அலிசரின் சிவப்புச் சாயம். செல்கள் புதிதாகப் படிய வைத்த கால்சியத்தைக் காட்டுவதற்காக அதை ஊற்றுகிறோம். ஆனால் உங்கள் சாரக்கட்டிலேயே கால்சியம் இருக்கிறது. செல்லே இல்லாவிட்டாலும் அது செக்கச் செவேலென்று சிவக்கும். அபடைட் கூடக் கூடச் சிவப்பும் கூடும். அதைப் பார்த்து எலும்பாக்கம் கூடிவிட்டது என்று எழுதிய ஆய்வுரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கலவைக்கும் செல் போடாத இணைமாதிரி ஒன்றை அதே ஊடகத்தில் அதே நாள்கள் வைத்திருந்து, அதன் அளவைக் கழித்த பிறகே எஞ்சியதைக் கணக்கில் எடுங்கள். எலும்பாக்கத்தின் தொடக்க அடையாளமான அல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியை 7ஆம், 14ஆம் நாள்களில் அளந்து, மொத்தப் புரதத்தாலோ டிஎன்ஏ அளவாலோ வகுத்துக் காட்டுங்கள். எலும்பாக்கத்துக்குரிய மரபணுக்களின் வெளிப்பாட்டையும் சேர்த்தால் சாயத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. புதிதாகச் செய்த அபடைட், செல் வளர்ப்பு ஊடகத்திலுள்ள கால்சியத்தையும் புரதங்களையும் இழுத்துக்கொள்ளும். பொருளில் நஞ்சு ஏதும் இல்லாமலேயே முதல் இரண்டு நாள்களில் செல்கள் மடிவதைப் பார்த்து, பொருளே தவறு என்று கைவிட்டவர்கள் உண்டு. செல் போடுவதற்கு முன் சாரக்கட்டை ஊடகத்தில் ஊறவைத்து, ஊடகத்தை மாற்றிவிடுங்கள். எம்ஜி-63 போன்ற புற்றுநோய் வழிச் செல்கள் நச்சுத்தன்மை பார்க்கப் போதுமானவை. எலும்பாக்கத்தைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்பினால் எம்சி3டி3-இ1 என்ற சுண்டெலி எலும்பாக்கச் செல்களோ எலும்பு மச்சை மூலச்செல்களோ வேண்டும்.

கிருமி நீக்கத்திலும் உங்கள் தேர்வு நல்ல தேர்வு. பாலிகேப்ரோலாக்டோன் 60 டிகிரியிலேயே உருகிவிடும், ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கியில் வைக்கவே முடியாது. பட்டும் கால்சியம் பாஸ்பேட்டும் 121 டிகிரி நீராவியைத் தாங்கும். ஆனால் நீராவி பீட்டாத் தகட்டைக் கூட்டும் என்பதால், கரையும் காலத்தைக் கிருமி நீக்கம் செய்த மாதிரியிலேயே அளக்க வேண்டும்.

நொய்யல் கரை எழுதியது:

செல்லியலாளரின் கடைசி வரியிலிருந்து தொடர்கிறேன். கரைதல் சோதனையைப் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் மட்டும் நடத்தினால் பட்டு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். கரையவே கரையாது என்ற தவறான முடிவுக்கு வருவீர்கள். 37 டிகிரியில் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியேஸ் 14 நொதி சேர்த்து ஒரு தொகுதியும், நொதி இல்லாமல் ஒரு தொகுதியும் வையுங்கள். நொதி சில நாள்களில் வலுவிழப்பதால் கரைசலை இரண்டு மூன்று நாள்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். எடைக்குறைவோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கட்டத்திலும் ஈரமான மாதிரியின் அமுக்க வலிமையையும் கரைசலில் கலந்த கால்சியத்தையும் அளவிடுங்கள். எடை பத்து விழுக்காடு குறைவதற்குள் வலிமை பாதியாகிவிடும் மாதிரிகளும் உண்டு. மருத்துவர் கேட்ட மூன்று மாத உறுதிக்கு விடை அந்த வலிமை வரைகோட்டில்தான் இருக்கிறது.

செயற்கை உடல்நீரில் ஊறவைத்து மேற்பரப்பில் அபடைட் படிவதைக் காட்டும் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள், நீங்களும் செய்வீர்கள். அதில் வெற்றி பெற்ற பொருள் உடலிலும் எலும்போடு பிணையும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது; பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் அந்தச் சோதனையில் பல நேரங்களில் தோற்றாலும் உடலில் எலும்போடு நன்றாகவே பிணைகிறது. அதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் போதும், நேரத்தை நொதிச் சோதனைக்குக் கொடுங்கள்.

விலங்குச் சோதனைக்குப் போகும் எண்ணம் இருந்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். எலியின் மண்டையோட்டில் 8 மில்லிமீட்டர் குறை என்பது பலரும் பின்பற்றும் மாதிரி. ஆனால் உங்கள் இலக்கு பஞ்செலும்புக் குழி என்பதால், முயலின் தொடை எலும்புக் குமிழில் இடும் குழியே உங்கள் கேள்விக்கு நேரான விடை தரும். விண்ணப்பத்தில் விலங்குகளின் எண்ணிக்கைக்குக் காரணம் கேட்பார்கள். ஐந்து விகிதங்களையும் அங்கே கொண்டு போகாமல், நொதிச் சோதனையில் தேறிய ஒரே விகிதத்தையும், வெற்றுக் குழியையும், சொந்த எலும்பு நிரப்பிய குழியையும் மட்டும் ஒப்பிடுவதாக எழுதுங்கள்.